கேள்விப்பட்ட அடையாளம்

தொலைத்தவர்களில் தேடுகிறவர்கள் குறைவு. பேருந்து நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் காக்கும் அறையில் உட்கார்ந்து அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். மற்றவர்கள் தேட வருவதில்லை, திட்ட வருகிறார்கள். குடையைத் தொலைத்தவர் தன் குடையைக் கேட்பதில்லை, நல்லதாக ஒரு குடை கேட்கிறார். ஒற்றைச் செருப்பைத் தேடி வந்த ஒரு பெரிய மனிதர், ஜோடியாக ஏதாவது இருக்கிறதா என்று அலமாரிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பல்செட்டைத் தொலைத்தவர்கள் வருவதே இல்லை. வெட்கம்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு குழல்விளக்கு, இரும்பு அலமாரிகள், வாசலை மறித்து ஒரு பலகை, பலகையின் மேல் ஒரு மணி. அந்தப் பக்கம் நிற்பவர் அமைச்சரின் மாமனாராகவே இருந்தாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"அடையாளம் சொல்லுங்க."

பொருளைக் காட்டிவிட்டுக் கேட்பதில்லை, கேட்டுவிட்டுத்தான் காட்டுவது. கறுப்புப் பை என்றால் போதாது. ஜிப்பில் எந்தப் பல் உடைந்திருக்கிறது, எந்த மூலையில் தையல் விட்டிருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். யாரோ சொல்லக் கேட்டு வந்து ஒப்பிக்கிறவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கேள்விப்பட்ட அடையாளம் வாயிலிருந்து வேகமாக வரும். சொந்த அடையாளம் தடுமாறும். "இடது பக்கம்... இல்ல, தோள்ல போட்டா எனக்கு இடது" என்று கையைத் தூக்கிக் காட்டி, இல்லாத பையைத் தோளில் மாட்டி, திரும்பி நின்று யோசிப்பார்கள். அவர்களிடம் பொருளைக் கொடுத்துவிடலாம். கைக்கு வந்ததும் முகர்ந்து பார்ப்பார்கள். பை, தொப்பி, குழந்தையின் ஸ்வெட்டர், எதுவானாலும் உரியவர்கள் முகர்ந்து பார்க்காமல் போனதில்லை. அது ஏன் என்று மட்டும் அவனுக்கு விளங்கியதில்லை.

அவன் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை இறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் ஒரு துணிச்சுருளை நீட்டியபோது அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நீட்டிய கை எவ்வளவு நேரம்தான் நீட்டியபடி இருக்கும்? மனைவியின் அக்கா வாங்கிக்கொண்டாள். தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். அந்த வீடு ஒன்றும் கடல் கடந்து இல்லை. நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். மேம்பாலத்துக்கு அடியில் புகுந்து, அச்சகத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிச் சந்தில் கடைசி வீடு. கண்ணைக் கட்டி விட்டாலும் போய்விடுவான். இதுவரை போகவில்லை. பெண் குழந்தை என்பது தெரியும். அது கூட யாரோ துக்கம் கேட்க வந்தவர் வாய்தவறிச் சொன்னது.

அக்கா போன் பண்ணினாள்.

"தம்பி, உங்க சகலைக்கு மாத்தல் வந்திருச்சு. சனிக்கிழமை லாரி ஏத்துறோம்."

"சரிக்கா."

"என்ன சரி? அவளையும் கூட்டிட்டுத்தான் போவோம். அங்க போனா எங்களத்தான் அம்மா அப்பான்னு கூப்பிடுவா. நல்லா ஓடி ஆடுறப்ப வந்து வாசல்ல நிக்கக் கூடாது, சொல்லிட்டேன். சனிக்கிழமைக்குள்ள வந்து மூஞ்சியப் பாத்துட்டு, வேணும் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"பாக்கறேன்."

"அதத்தான் சொல்றேன். பாருங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க ஆபீஸ்ல யாரும் கேட்டு வராத சாமான எவ்வளவு நாள் வெச்சிருப்பீங்க?"

"மூணு மாசம்."

"அப்புறம்?"

"ஏலம்."

"எங்க வீட்ல ஏலம் கெடையாது தம்பி. நாங்களே எடுத்துக்குவோம்." போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் அவனுடைய தேவாலயச் சபையிலிருந்து மூவர் வந்தார்கள்.

சபையில் வருஷா வருஷம் கிறிஸ்து பிறப்பு நாடகம் போடுவார்கள். அட்டையில் ஒட்டகம், போர்வையில் மேய்ப்பர்கள், சரிகைத் தாளில் மூன்று ஞானிகளுக்கு வழிகாட்டும் விண்மீன். எல்லாம் போலி, குழந்தை மட்டும் நிஜம். அந்த வருஷம் சபையில் கடைசியாகப் பிறந்த குழந்தையைத்தான் வைக்கோல் பரப்பிய தீவனப் பெட்டியில் கிடத்துவார்கள். தகப்பன் வாயால் சம்மதம் வாங்கிக்கொண்டு, மூன்று பேர் நேரில் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அது அவர்கள் வழக்கம். அந்த மூவருக்கும் அதில் தனிப் பெருமிதம் உண்டு.

முன்னால் வந்தவர் சபைச் செயலாளர் அம்மா. பகலிலும் முன்விளக்கு எரியும் ஒரு ஸ்கூட்டரில் அவர் வழிகாட்ட, மற்ற இருவரும் பின்தொடர்ந்திருந்தார்கள். விண்மீன் இந்தக் காலத்தில் அவ்வளவுதான் கிடைக்கும். இரண்டாமவர் பாடகர் குழுத் தலைவர். எதற்கும் முதலில் தொண்டையைச் செருமிச் சுருதி பிடிப்பவர். மூன்றாமவர் இதே பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். மாடியில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொல்வது இதுவரை ஒரு பயணிக்கும் புரிந்ததில்லை. நாடகத்தில் தேவதூதன் குரல் அவருடையது. அந்தக் குரலை நம்பிக் கிளம்பிய மேய்ப்பர்கள் எந்த ஊர்ப் பேருந்தில் ஏறினார்களோ.

செயலாளர் அம்மா பலகையின் மேல் ஒரு பிஸ்கெட் பொட்டலத்தை வைத்தார். ஞானிகள் கொண்டுவந்த பொன், தூபம், வெள்ளைப்போளம் எல்லாம் சேர்ந்து அது ஒன்றுதான்.

"தம்பி, நீங்க துக்கத்துல இருக்கீங்கன்னு தெரியும்."

"அப்படியா?"

"இந்த வருஷம் நம்ம சபையில கடைசியாப் பொறந்தது உங்க குழந்தைதான்."

"பெரிய பாக்கியம்," என்றார் பாடகர் குழுத் தலைவர், செருமிவிட்டு.

"போன வருஷம் யாரு படுத்தாங்க?"

"பேங்க் மேனேஜர் பேரன். தங்கம். சத்தமே போடல," என்றார் செயலாளர் அம்மா.

"போட்டுச்சு," என்றார் அறிவிப்பாளர். "நான் மைக்க அணைச்சிட்டேன்."

செயலாளர் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பிஸ்கெட் நமுத்திருக்கும்.

"குழந்தை என்கிட்ட இல்ல," என்றான் அவன்.

"தெரியும் தம்பி. எங்க இருக்குன்னு வழி சொன்னீங்கன்னா நாங்களே போய்ப் பாத்துக்குவோம்."

அவன் வழி சொன்னான். வழி சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மேம்பாலத்துக்கு அடியில் இருட்டாக இருக்கும், ஸ்கூட்டரை மெதுவாக விடுங்கள். அச்சகத்தில் வலது பக்கம் திரும்பிவிடாதீர்கள், முட்டுச்சந்து. தண்ணீர்த் தொட்டியில் எப்போதும் ஒழுகும், வழுக்கும். சொல்லி முடித்ததும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"போய் நல்லாத் தேடிப் பாருங்க. பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லுங்க. நானும் வந்து கும்பிட்டுக்கறேன்."

பாடகர் குழுத் தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "அது நாடகத்துல ஏரோது ராஜா வசனமாச்சே?"

"அதுக்கு ஆள் போட்டாச்சு தம்பி," என்றார் அறிவிப்பாளர் வருத்தத்தோடு.

மூவரும் போனார்கள். அவன் பலகையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனான்.

கிறிஸ்து பிறப்புக் கதையில் அவன் அதிகம் வெறுத்தது ஏரோதை அல்ல. ஏரோது அந்தப் பிள்ளையைக் கொல்லத் தேடிய கொலைகாரன், கொலைகாரனிடம் எதிர்பார்க்க என்ன இருக்கிறது? அவன் வெறுத்தது அரண்மனையில் இருந்த வேதபாரகர்களை, வேதம் கற்ற பண்டிதர்களை. வெளிதேசத்து ஞானிகள் உடம்பெல்லாம் தூசியாக வந்து, பிறந்த பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். இவர்கள் தலையைச் சொறியவில்லை, தடுமாறவில்லை, மனப்பாடம். இன்ன ஊர்தான் என்று பளிச்சென்று சொன்னார்கள். சொன்னதும் சரிதான். பக்கத்து ஊர். காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்விடலாம். ஒருத்தன்கூடச் செருப்பை மாட்டவில்லை. வழி சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அவள் சிரிக்கவில்லை. "நீயும் அந்தக் கூட்டந்தான். வழி நல்லா சொல்லுவ," என்றாள்.

சோற்றை மூடி வைத்தான். பசி இல்லை.

மறுநாள் சபையின் மூவரும் வருவார்கள் என்று நினைத்தான். வரவில்லை. ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் நிமிர்ந்து பார்த்தான். ஒரு ஹெல்மெட், ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு சாவிக்கொத்து. தினமும் டீ குடிக்க இறங்கும் அறிவிப்பாளர், டீயை மேலேயே வரவழைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பாடகர் குழுத் தலைவர் நிலையத்துக்குள் வருவதை அவன் பார்த்தான். அவரும் அவனைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் ஒரு பேருந்தின் பின்னால் மறைந்து, கழிப்பறைகளின் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். கதையில் வந்த ஞானிகளுக்கு, ஏரோதிடம் திரும்ப வேண்டாம் என்று கனவில் எச்சரிக்கை கிடைத்தது. வேறு வழியாகத் தங்கள் தேசத்துக்குப் போனார்கள். இவருக்குக் கனவு தேவைப்படவில்லை.

கண்டுபிடித்ததை மறைக்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் அவன் தொழில். அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் மாடியேறிக் கூண்டின் கதவைத் தட்டாமல் திறந்தான். அறிவிப்பாளர் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார்.

"என்ன தொலைச்சீங்க? அடையாளம் சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்."

"ஒண்ணுமில்ல தம்பி. வா, உக்காரு."

"போனீங்களா?"

"போனோம்."

"பாத்தீங்களா?"

"பாத்தோம்." அவர் கண்ணாடி வழியே கீழே நிற்கும் பேருந்துகளைப் பார்த்தார். "நல்ல குழந்தை. ஆரோக்கியமா இருக்கு. கால உதைக்குது. ஆனா, மூஞ்சியில..."

"மூஞ்சியில?"

"ஒரு மச்சம். மச்சம்னா சின்ன மச்சம் இல்ல. இடது கன்னம் பூரா, நெத்தி வரைக்கும். செவப்பு மை கொட்டின மாதிரி. நீ பாத்திருப்பியே. செயலாளர் அம்மாதான் சொன்னாங்க, அவ்வளவு லைட் வெளிச்சத்துல ஜனங்க முன்னாடி வெச்சா சின்னப் பிள்ளைங்க பயந்துக்கும்னு. உன் மனசு கஷ்டப்படும்னுதான் உன்கிட்ட சொல்லல."

"அப்ப பெட்டியில யாரு?"

"பொம்மை வாங்கியாச்சு. நல்ல பொம்மை. சாய்ச்சா கண்ண மூடிக்கும்."

மேசையில் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதெல்லாம் நிலையம் முழுவதும் போயிருக்கும். அவன் கீழே பார்த்தான். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அவர் குரலை யார் கேட்கிறார்கள்?

"கும்பிட்டீங்களா?" என்றான்.

"என்னது?"

"கும்பிடத்தானே போனீங்க. கும்பிட்டீங்களா?"

"நாங்க குழந்தையத் தேடித்தானே தம்பி போனோம்..."

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது. ஆனா..."

"நல்லதா ஒரு குடை கேட்டீங்க. புரியுது."

அறிவிப்பாளருக்குப் புரியவில்லை. மைக்கை அணைத்தார்.

படியிறங்கும்போது கோபம் சுகமாக இருந்தது. பல நாளாக உடம்பில் எதுவும் ஓடாமல் இருந்தது, இப்போது ஓடியது. சுத்தமான அற்பர்கள். தேவனே மாட்டுக் கொட்டிலில், சாணி நாற்றத்தில் பிறந்தார் என்று வருஷா வருஷம் மைக் வைத்துச் சொல்கிற வாய். ஒரு கன்னத்தின் சிவப்பைத் தாங்க முடியாத வாய். பொம்மையைக் கும்பிடட்டும். சாய்த்தால் கண்ணை மூடிக்கொள்ளும். இவர்களைப் பார்க்க வேண்டிய தொல்லை அதற்கு இல்லை. செயலாளர் அம்மாவிடம் போய் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியம் தயாரித்தான். இடது கன்னமாம். நெற்றி வரைக்குமாம்.

கடைசிப் படியில் நின்றுவிட்டான்.

அவர்கள் அற்பர்கள்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அற்பர்கள் ஸ்கூட்டரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். குனிந்து முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். எந்தக் கன்னம் என்று அவர்களுக்குத் தெரிகிறது. அவனுக்கு அவர்கள் சொல்லித் தெரிகிறது.

அறை வாசலில் ஒருவர் மணியை அடித்தபடி நின்றார். "ஒரு குடை சார். கறுப்பு."

அவன் உள்ளே கையை விட்டு, இருந்ததிலேயே நல்ல குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடையாளம் கேக்கலியே சார்?" என்றார். அவன் அதற்குள் கதவைப் பூட்டியிருந்தான்.

மேம்பாலத்துக்கு அடியில் இருட்டாகத்தான் இருந்தது. அச்சகத்தில் வலது பக்கம் திரும்பவில்லை. தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, வழுக்கியது. அவன் சொன்ன வழி அவ்வளவும் சரி. அதில் அவனுக்குப் பெருமை ஒன்றும் வரவில்லை.

சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு லாரி நின்றது. சகலை வியர்த்து வழிந்து, மேலே நின்றவனிடம் கத்திக்கொண்டிருந்தார். "மெதுவாடா! அது கண்ணாடி வெச்ச பீரோ!" அவனைப் பார்த்ததும் கத்தல் நின்றது. "வாங்க சகலை," என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் பீரோவையே திட்டப் போனார்.

வாசற்படியில் அக்கா நின்றாள். இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்திருந்தாள்.

"என்ன வேணும்?"

"நான்தான்க்கா."

"யாருன்னு கேக்கல. என்ன வேணும்?"

"குழந்தையப் பாக்கணும்."

"அடையாளம் சொல்லுங்க."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் கண்ணில் கிண்டல் இல்லை. அவன் நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது. இடது கன்னம், நெற்றி வரைக்கும், சிவப்பு. சொன்னால் வழி விட்டுவிடுவாள். எவ்வளவு வேகமாக வாயில் வந்து நிற்கிறது என்று அவனே கவனித்தான். பலகைக்கு அந்தப் பக்கம் இப்படி எத்தனை திருடர்களைப் பார்த்திருக்கிறான்.

"தெரியாதுக்கா."

"ஒண்ணுமேவா தெரியாது?"

"கேள்விப்பட்டது ஒண்ணு இருக்கு. அது செல்லாது."

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு ஒரு கையை மட்டும் நிலையிலிருந்து எடுத்தாள். அந்த இடைவெளியில் உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது.

அறை காலி. பீரோ நின்ற இடத்தில் தரை வேறு நிறத்தில் இருந்தது. சுவரில் ஆணிகள். தொட்டில் லாரியில் ஏறியிருந்தது. நடுவில், தரையில், அழுக்குத் துணி போடும் நீலப் பிளாஸ்டிக் கூடை. அதில் துண்டில் இறுக்கிச் சுற்றிய ஒரு பொதி.

நின்று பார்த்தால் துண்டுதான் தெரிந்தது. குனிந்தான், கூடையின் விளிம்பு மறைத்தது, அவன் நிழலும் உள்ளே விழுந்தது. வேறு வழியில்லை. மண்டியிட்டான். அப்படியும் போதவில்லை. கைகளைத் தரையில் ஊன்றித் தலையைக் கூடைக்குள் விட வேண்டியிருந்தது.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தைத் துணியில் அழுத்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். மூவரும் பார்த்துப் பயந்த எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. புருவத்துக்கு மேல் மட்டும் சிவப்பின் ஒரு விளிம்பு, கரைக்கு வந்து நின்ற தண்ணீர்போல. அவன் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்க நாள் இருக்கிறது. எதிரில் இருந்த காதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பால், சோப்பு, கொஞ்சம் புளிப்பு. தான் முகர்ந்துகொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"அக்கா."

"ம்."

"காது." எழுந்திருக்காமலே சொன்னான். "வலது காது... மேல... இல்ல, இப்படிப் படுத்தா மேல. நிமிர்ந்து உக்காந்தா..." கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டு, அது இல்லை என்று மறு காதைத் தொட்டான். "ஓரம் உள்பக்கமா மடிஞ்சிருக்கு. ஒரு துளி. உத்துப் பாத்தாத்தான் தெரியும்."

 அக்காவின் கை மெதுவாக மேலே போய்த் தன் வலது காதின் விளிம்பைத் தடவியது. அதே மடிப்பு அவளுக்கும் இருந்தது. அவள் தங்கைக்கும் இருந்தது. அது அவனுக்கு இப்போதுதான் நினைவு வந்தது.

"பால் எப்பெப்ப குடுக்கணும்?" என்றான்.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைக்கும் சத்தம் கேட்டது. "அழுதா குடுக்கணும். அழாட்டியும் குடுக்கணும். இது கூடத் தெரியாம ஒரு ஆளு," என்றாள்.

வெளியிலிருந்து சகலை குரல் கொடுத்தார். "அந்தக் கூடை ஒண்ணுதான் பாக்கி! ஏத்திரலாமா?"

"கூடை வரல," என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது, அதைச் சத்தத்தால் மூடினாள். "தொட்டில எறக்குங்க!"

"தொட்டிலா? அது எல்லாத்துக்கும் அடியில போயிருச்சேடி!"

"எல்லாத்தையும் எறக்குங்க!"

சகலை புலம்பினார். மேலே நின்றவனும் சேர்ந்து புலம்பினான். பீரோ முதலில் இறங்கியது. கூடைக்குள் அவள் முகத்தைச் சுளித்து, மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள்.